மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை

காங்கேயத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் இப்போது ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது. "அவசரப்படாதீங்க, புள்ள தானா சொல்லும். அதுவரைக்கும் டயப்பர் போட்டுக்கலாம். சீக்கிரம் பழக்கினா மனசு பாதிக்கும்." அம்மாயி ஏதாவது சொல்ல வந்தால், அந்தக் காலத்துப் பழக்கம் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் நியாயம் பெரும்பாலும் அம்மாயி பக்கம்தான் இருக்கிறது.

மனம் பாதிக்கும் என்ற பயம் இந்த ஊரில் பிறந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் சில மாதக் குழந்தையைக் கடிகாரம் பார்த்து உட்காரவைத்தார்கள். வெளிக்கு வராவிட்டால் ஆசனவாயில் சோப்புத் துண்டை வைக்கவும் தாய்மாருக்குச் சொல்லித்தரப்பட்டது. அந்த வன்முறைக்கு மாற்றாகத்தான் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-இல் 1,170 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். வற்புறுத்தாதீர்கள், குழந்தையின் போக்கில் போங்கள் என்றார். அவரும் 18 மாத வாக்கில் தொடங்கத்தான் சொன்னார். அந்தக் குழந்தைகள் பகலில் துணி நனைக்காமல் இருக்கப் பழகியது சராசரியாக 28.5 மாதத்தில். மூன்று வயதுவரை சும்மா இருக்கும்படி அவர் சொல்லவில்லை. இதே மருத்துவர் 1990-களின் இறுதியில், வளர்ந்த குழந்தைகளுக்கான பாம்பர்ஸ் டயப்பர் விளம்பரத்தில் தோன்றினார் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றரை வயதுக்கு முன் உடம்பு ஒத்துழைக்காது என்பது அடுத்த வாதம். ஆனால் அம்மாயி செய்வதைப் பாருங்கள்: காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையை வைத்து "உஸ்ஸு" என்கிறார். பால் குடித்த சற்று நேரத்தில் ஒருமுறை, தூங்கி எழுந்ததும் ஒருமுறை. குழந்தை அந்தச் சத்தத்தையும் இருப்பையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களும் இதுபோலவே மடியில் வைத்துச் சத்தமெழுப்பி, பிறந்த சில வாரங்களிலேயே தொடங்குகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் அவர்களின் குழந்தைகள் ஓரளவு ஈரமின்றி இருந்ததை 1977-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வியட்நாமில் தாய்மார் விசிலடித்தே பழக்குகிறார்கள்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியாது என்பதில் மட்டும் உண்மை உண்டு. அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகப் பழக்கியவர்களுக்குக் கூடுதல் காலம் பிடித்ததே தவிர முன்கூட்டி முடியவில்லை. ஆனால் சீக்கிரம் தொடங்கியதற்கும் மலச்சிக்கலுக்கும், மலத்தை அடக்கும் வழக்கத்துக்கும் அதே ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை. பயமுறுத்துவோர் இந்தப் பாதியைச் சொல்வதேயில்லை.

வேலைக்குப் போகும் அம்மாவால் முடியுமா? இதுதான் உண்மையான தடை. பனியன் கம்பெனி வண்டி காலையில் வாசலுக்கு வந்துவிடும். தேங்காய்க் களத்திலும் வெயிலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அந்த அம்மா டயப்பரை நாடுவது சோம்பலால் அல்ல. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்தது. 2017-இல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையும் தந்தது. குழந்தை தயாரா என்று கேட்பவர்கள், கம்பெனி தயாரா என்றும் கேட்க வேண்டும்.

உலகக் குழந்தைகளுக்குப் பருத்தி உடை தைத்தனுப்பும் வட்டாரம் இது. பழைய பனியன் துணியில் கோவணம் கட்டினால் நனைந்ததுமே குழந்தைக்குத் தெரியும். டயப்பர் அந்த ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடும். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்திலாவது டயப்பரைக் கழற்றிவிடலாம். கழிப்பறைக் குழியைப் பார்த்து விழுந்துவிடுவோமோ என்று குழந்தை பயந்தால், பாதம் தரையில் பதியும் சின்னக் கழிப்பிருக்கை போதும். வராவிட்டால் சில நிமிடத்தில் எழுப்பிவிட வேண்டும். திட்டு, அடி கூடவே கூடாது. மலம் இறுகி வலித்தால், பழக்குவதை நிறுத்திவிட்டு முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இரவு விஷயம் வேறு: ஐந்து வயதுவரை படுக்கையை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகக் கருதுவதில்லை.