கணிப்பொறி ‘இல்லை’ என்றால் தமிழில் இல்லையா?

ஒரு மொழியை அழிப்பதற்கு அதன் நூல்களைத் தீயிலிட வேண்டுவதில்லை. தேடுவார் கைக்கு அவை எட்டாதவாறு செய்துவிட்டாலே போதும். நூல் பேழைக்குள் இருக்கும். சொல் நூலுக்குள் இருக்கும். ஆயினும் தேடியவன் வெறுங்கையோடு திரும்புவான். திரும்பியவன், “தமிழில் அஃது இல்லை” என்று நாலுபேரிடம் சொல்லியும் விடுவான். இற்றை நாளில் அவ்வாறு சொல்லும்படி அவனைத் தூண்டுவது கணிப்பொறியின் விரைவுத் தேடல். இதனைத் தமிழன்பர்கள் சற்று ஆழ எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சூளகிரி எல்லைப்புறத்து ஊர். வடமேற்கே சில கல் சென்றால் ஓசூர். அதனைக் கடந்தால் கன்னட நாடு. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது இப்பகுதி சென்னை மாநிலத்தோடு நின்றது. எனினும் இங்குள்ள மாணாக்கருள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர். அவர்கட்குத் தமிழ் கற்பித்தலை யான் தொல்லையாகக் கருதியதில்லை. பேறாகவே கருதி வந்துள்ளேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணாக்கரிடம், “நம் ஊரில் விளையும் கூலங்களின் தமிழ்ப்பெயர்களைத் தேடித் தொகுத்து வருக” எனப் பணித்தேன். மறுநாள் ஒரு சிறுவன் எழுதி வந்த தாளில் கேழ்வரகு இல்லை, ‘ராகி’ என்றிருந்தது. ஏன் என வினவினேன். அவன் சொன்ன விடை இது:

“ஐயா, கேழ்வரகு என்று தேடினேன், கொஞ்சந்தான் வந்தது. ராகி என்று தேடினேன், வந்துகொண்டே இருந்தது. அதனால் ராகிதான் சரியான தமிழ் என்று எழுதிவிட்டேன்.”

அச்சிறுவன்மேல் எனக்குச் சினம் எழவில்லை. எது மிகுதியாக வருகிறதோ அதுவே மெய் என்று அவனுக்குக் கற்பித்தது யார்? நாம் அல்லோம், அவன் கையிலிருந்த பொறி. கேழ் என்பது நிறம். நிறத்தால் வேறுபட்ட வரகினைக் கேழ்வரகு என்றனர் நம் முன்னோர். அதனையே தென்மாவட்டத்தார் கேப்பை என்பர். எம் பக்கத்து உழவர் கேவுரு என்பர். கூலம் ஒன்று, பெயர் பல. பொறிக்கோ அவை ஒன்றோடொன்று உறவில்லாத வெவ்வேறு எழுத்துக் கோவைகள்.

ஈண்டு ஒரு வினா எழும். பொறி வருவதற்குமுன் தமிழர் எவ்வாறு தேடினர்? நன்றாகவே தேடினர். சேந்தன் திவாகரம் பன்னிரு தொகுதிகளாக வகுக்கப்பட்ட நிகண்டு. அதன் முற்பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை இனம் இனமாகத் தொகுத்துக் கூறும். பதினொராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். அதாவது, கேழ்வரகு என்று தேடியவனுக்கு அதன் உறவுப்பெயர்களையும் ஒருங்கே காட்டும் முறையை நம் முன்னோர் பல நூற்றாண்டுகட்கு முன்பே அமைத்திருந்தனர். செய்யுளாய் இருந்தமையின் மாணாக்கன் அதனை நெஞ்சில் பதித்துக்கொண்டான். அவன் நெஞ்சே அவனுக்குத் தரவகமாயிற்று. பின்னர் 1594ஆம் ஆண்டு சிதம்பரம் இரேவண சித்தர் சொற்களை அகர வரிசையில் நிறுத்தி அகராதி நிகண்டு செய்தார். 1732ஆம் ஆண்டு வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சதுரகராதி யாத்தார். பழம்பதிப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பும் அரும்பத வரிசையும் சேர்த்த பதிப்பாசிரியர்களின் உழைப்பும், 1967 முதல் 1970 வரை புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவின் மூன்று மடலங்களும் இவ்வழியில் வந்தனவே. ஆகவே, விரைந்து தேடுதல் நமக்குப் புதிது அன்று. பிறர் மொழிக்கு வகுத்த முறையில் நம் மொழியைத் தேடுவதுதான் புதிது.

அம்முறையால் விளையும் கேட்டினை எழுத்தளவிலிருந்தே காட்டலாம். மெய் முன்னும் உயிர் பின்னுமாகக் கூடி உயிர்மெய் ஆகும் என்பது தொல்காப்பியம் முதலாக நாம் கற்று வருவது. க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து ககரம் ஆகிறது. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியிலோ முறை தலைகீழ். அங்கே ககரமே அடி. அதன்மேல் புள்ளியைத் தனியே ஒட்டினால் க் பிறக்கிறது. தேவநாகரி முதலிய பிற எழுத்துகட்கு வகுத்த அமைப்பைத் தமிழுக்கும் பொருத்தியதன் விளைவு இது.

“எப்படி வைத்தால் என்ன, திரையில் எழுத்து ஒழுங்காகத்தானே தெரிகிறது?” என்பார் உளர். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிறது. தேடும்போதுதான் கேடு தெரிகிறது. ‘அவன்’ என்று தேடுக. பொறி அ, வ, ன, புள்ளி என்னும் நான்கினைத் தேடும். ‘அவனை’ என்னும் சொல்லில் புள்ளி இல்லை. அவ்விடத்தில் ஐகாரக் குறி நிற்கிறது. ஆகவே எழுத்தோடு எழுத்தைப் பொருத்திப் பார்க்கும் பொறி, அவனையும் அவனாலும் அவனுக்கும் ‘அவன்’ அல்ல எனத் தள்ளிவிடும். அவன் என்னும் பெயரோடு ஐயுருபு சேர்ந்ததே அவனை என்று ஆறாம் வகுப்புச் சிறுமி அறிவாள், பொறி அறியாது. மரம் என்று தேடினால் மரத்தை, மரங்கள், மரமும் ஆகிய மூன்றும் நழுவும். ‘மர’ என்று சுருக்கித் தேடினாலோ மரபும் மரையும் மரகதமும் வந்து குவியும். வேற்றுமையும் சாரியையும் புணர்ச்சியும் உயிராய் உள்ள மொழியை, அவை மிகக் குறைந்த ஆங்கிலத்திற்கு ஆக்கிய வலையால் அரித்தால் மீன் நழுவாமல் என் செய்யும்?

இக்குறையை அறிந்தோர் வாளா இருந்தாரல்லர். எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தந்து, எளிய கணக்கினாலேயே மெய்யையும் உயிரையும் பிரித்தறியும் வண்ணம் பதினாறு நுண்மி அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒன்றனைத் தமிழறிஞரும் கணிப்பொறி வல்லுநரும் வகுத்தனர். 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் தரமென ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் உலக ஒருங்குறி அட்டவணையில் அதற்கென நிலைத்த இடம் வாய்க்கவில்லை. வழக்கில் ஒருங்குறியே மேலோங்கி நிற்கிறது. நன்று, எழுத்தைச் சேர்த்து வைப்பது எவ்வாறிருப்பினும், தேடும் நேரத்தில் மெய்யும் உயிருமாய்ப் பிரித்து நோக்கும்படி நிரல் எழுதுதல் வல்லார்க்கு அரிய பணியன்று. பெருந்தேடுபொறிகள் சில இன்று சொல்லுருபுகளை ஓரளவு உணரத் தொடங்கியும் உள்ளன. நம் அலுவலகத் தரவகங்களும் நூலகப் பட்டியல்களும் அந்நிலையை எய்தவில்லை.

அலுவலகம் என்றதும் நெஞ்சில் தைத்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட இயலவில்லை. எம் பள்ளி மாணாக்கி ஒருத்தியின் பாட்டனார், தம் நிலவுரிமைப் படி பெறுதற்கு ஓர் அலுவலகம் சென்றார். எழுதப்படிக்கத் தெரியாதவராதலின் துணைக்கு யானும் சென்றேன். அலுவலர் பெயரைத் தட்டினார். “உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை” என்றார். முதியவர் முகம் வெளிறிவிட்டது. தாம் பிறந்து, உழுது, தந்தையைப் புதைத்த நிலம் தமக்கில்லை என ஒரு பொறி சொல்லக் கேட்டால் யார்க்குத்தான் உள்ளம் நடுங்காது? எல்லைப்புறத்தில் முனியப்பன் முனியப்பா ஆவதும், அதுவே ஆங்கில எழுத்தின் வழியே சென்று மீளும்போது மேலும் திரிவதும் நாளும் நிகழ்வன. பெயரை விடுத்து நில எண்ணைக் கொண்டு தேடுமாறு வேண்டினேன். நிலம் வந்தது, பெயரின் ஈற்றில் ஓரெழுத்து மாறியிருந்தது. அந்த ஓரெழுத்திற்காக அவர் அதற்குமுன் மும்முறை வெறிதே திரும்பியிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஆட்பெயர்க்கு நேர்ந்ததே ஊர்ப்பெயர்க்கும் நேர்கிறது. ஓசூர் என்பாரும் ஒசூர் என்பாரும் உளர். ஒன்றனைத் தேடினால் மற்றது வாராது. தேன்கனிக்கோட்டை ஆங்கிலத்தில் டகர முதலாயிற்று. அதிலிருந்து தமிழுக்கு மீட்டெழுதுவோர் ‘டெங்கனிக்கோட்டை’ என எழுதித் தேனையும் கனியையும் ஒருசேர இழக்கின்றனர். எம் ஊரைச் சூளகிரி என்பர், சூலகிரி என்பர்; ஆங்கிலத்திலும் இருவகை எழுத்துக்கூட்டல் உண்டு. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் அரசாணை வெளிவந்தது; சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டலில் ஆங்காங்குப் பிழை இருந்தது மெய்யே. பிழையைத் திருத்துதற்கு மாறாக முயற்சியையே கைவிடுதல் முறையாகுமா?

இனி, தேடினால் கிடைப்பதிலும் ஓர் இடர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாகவும், 1939இல் இணைப்பு மடலமாகவும் வெளிவந்தது. ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பேருழைப்பை யாம் இகழோம். ஆயினும் தூய தமிழ்ச்சொற்கள் பலவற்றிற்கு அது வடமொழி மூலம் காட்டியதைக் கண்டித்துப் பாவாணர் 1961இல் தனிநூலே எழுதினார். இன்று அவ்வகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தொகுப்பில் ஏறி, உலகில் எங்கிருந்து தேடுவார்க்கும் நொடியில் கிடைக்கிறது. கூற்று நொடியில் வருகிறது. அதற்குப் பாவாணர் தந்த மறுப்பு உடன் வருவதில்லை. நூலகத்தில் இரு நூல்களும் ஒரே பலகையில் இருந்தன. கை நீட்டியவன் இரண்டையும் கண்டான். திரையில் முதலில் நிற்பதே முடிந்த முடிபாகிவிடுகிறது.

மறுப்பு மட்டுமா? மாற்றும் உண்டு. 1974இல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கிப் பாவாணரை அதன் இயக்குநராக அமர்த்தியது. 1981ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார். முதன்மடலத்தின் முதற்பாகம் 1985இல்தான் வெளிவந்தது. அவ்வியக்ககம் இன்று ‘சொற்குவை’ என்னும் இணையத் தரவகத்தையும் நடத்தி வருகிறது. நம் அன்பர்களுள் எத்தனை பேர் அதனைத் திறந்து பார்த்துள்ளோம்?

இவ்விடத்தில் நம்மையும் நாம் கடிந்துகொள்ளல் வேண்டும். பிறரைக் குறை கூறுதல் எளிது. ஒரு கருவிக்குக் கணிப்பொறி, கணிபொறி, கணினி, கணியன் எனப் பல பெயர் இட்டவர் யார்? ஆங்கிலேயனா? வடவனா? நாமே இட்டோம், “என் சொல்லே சொல்” என்று இதழ்தோறும் வழக்காடினோம். ஒன்றனைத் தேடும் மாணாக்கனுக்கு மற்றவற்றில் எழுதப்பட்ட கட்டுரைகள் புதைபொருளாயின. ஐயா என்று ஒருவர், அய்யா என்று மற்றொருவர். ஔவை என்பதில் ஔகாரத்தைத் தட்டுதற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவார் எண்ணிறந்தோர். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது, பொறிக்கோ அவர் வேறு ஔவை. இவையெல்லாம் போக, நம் இயக்கத்தின் பழைய இதழ்களை என் செய்தோம்? சிலவற்றைப் படமாகப் பிடித்து இணையத்தில் ஏற்றினோம். படத்திலுள்ள எழுத்தை எளிய தேடல் படிக்காது. சிலவற்றைத் தத்தமக்கென அமைத்த பழைய எழுத்துருக்களில் தட்டினோம். அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அவை பொருளற்ற கிறுக்கல். ‘ராகி’ என்று எழுதுவோர் ஒருங்குறியில் எழுதிக் குவித்தனர். ‘கேழ்வரகு’ என்று எழுதிய நாம் தாளிலேயே நின்றுவிட்டோம். அச்சிறுவன் கண்ட கணக்கு நம் சோம்பலின் கணக்கு.

செய்ய இயலாத ஒன்றையா கேட்கின்றேன்? அன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்றார். பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் தட்டித் தட்டிப் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கினர். இன்று குறளில் ஒரு சொல் எங்குள்ளது என நொடியில் அறிகிறோமெனில், அஃது அவர்கள் விரல் தேய்ந்ததன் பயன். 2001ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், அதன் வழிவந்த இன்றைய கல்விக்கழகமும் நூல்களையும் அகராதிகளையும் திரட்டித் தந்துள்ளன. வழி உண்டு, நடப்பார்தாம் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இவை. ஒவ்வோர் ஊர்த் தமிழ் மன்றமும் திங்களுக்கு ஒரு பழைய இதழையேனும் ஒருங்குறியில் தட்டி ஏற்றுக. கட்டுரை எழுதுவோர் தாம் ஆளும் தூய சொல்லோடு, அதன் பிற வழக்குகளையும் ஓரிடத்தில் சுட்டுக. நிகண்டு செய்த பணியை அவ்வொரு வரி செய்யும். அரசுத் தரவகங்கள் ஆட்பெயர், ஊர்ப்பெயர்களின் மாற்று வடிவங்களை இணைத்துத் தேடும்படி அமைத்தல் வேண்டும் என மன்றங்கள் தீர்மானம் இயற்றி அனுப்புக. தேடுவோர் ஈற்றுப் புள்ளியை நீக்கித் தேடிப் பார்க்க; பல மென்பொருள்களில் ‘தமிழ’ என்று தேடினால் தமிழும் தமிழையும் தமிழரும் கூடி வருதலைக் காண்பர். ஆசிரியர்கள், பொறி தந்த விடையை அச்சகரமுதலியோடு ஒப்பிட்டுப் பார்க்க மாணாக்கரைப் பழக்குக.

அந்தச் சிறுவனை யான் நூலகத்திற்கு அழைத்துச் சென்றேன். ககர மடலத்தை எடுத்துக் கொடுத்தேன். க, கா, கி, கீ என முணுமுணுத்துக்கொண்டே ஏடு புரட்டிக் கேகாரத்தை அடைந்தான்; கேழ் என்பதைக் கண்டான்; அதனடியில் கேழ்வரகைக் கண்டான். “இருக்கிறது ஐயா!” என்று கூவினான். அன்று மாலையே தன் தாளைத் திருத்தியதோடு, தன் பாட்டி வழங்கும் ஏழெட்டுக் கூலப் பெயர்களையும் எழுதி வந்தான். அவற்றுள் இரண்டு, யான் தேடிய எந்தத் தரவகத்திலும் இல்லை. அவற்றை ஏற்றும் பணியை அவனுக்கே தந்துள்ளேன்.