எந்தப் படத்தைப் போடுவது?

"இந்தப் படத்தில் நன்றாயிருக்கிறேனா, அக்கா?" என்று எதிர் வீட்டுப் பெண் கைபேசியை நீட்டினாள். வரன் தேடும் இணையதளத்தில் போடுவதற்காம். பார்த்தேன். நிறம் இரண்டு படி ஏறியிருந்தது. கன்னத்து மச்சத்தைக் காணோம். மூக்குக் கண்ணாடியும் போன இடம் தெரியவில்லை!

"படம் வெகு அழகு. ஆனால் இது யார்?" என்றேன்.

"அம்மாதான் மெருகேற்றச் சொன்னாள். வருகிறவர் என்னைத் தேடுவாரோ, இந்தப் படத்தைத் தேடுவாரோ என்று பயமாயிருக்கிறது."

நியாயமான பயந்தானே, சகோதரிகளே?

கையை நீட்டித் தானே எடுத்துக் கொள்ளும் படமும் வேண்டாமென்றேன். ஓரடி தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவிகிதம் அகன்று தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். (இது தெரியாமல் எத்தனை பேர் தங்கள் மூக்கை நொந்து கொண்டார்களோ, பாவம்!) ஆகவே தம்பியை ஐந்தடி தள்ளி நிறுத்தி, மாலை வெயில் தணிந்த பிறகு மொட்டை மாடியில் எடுக்கச் சொன்னேன். தோழிகள் கூட்டத்தோடு நிற்கும் படத்தை முதலில் வைக்கக் கூடாது. பெண் யாரென்று பார்ப்பவர் விடுகதையா அவிழ்ப்பார்? வீட்டு எண், வண்டி எண் தெரியும் படங்கள் கூடவே கூடாது.

கண்ணாடியும் மச்சமுமாக அவள் சிரிக்கும் படம் ஒன்று கிடைத்தது. அம்மாவுக்கு மனசில்லை. "கண்ணாடி இல்லாமல் ஒன்று..." என்று இழுத்தாள்.

"அவர்கள் வரும் நாளில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காபியை யார் மேல் கொட்டுவதாம்?" என்றாள் பெண்.