ஓடாத சைக்கிள் சொல்லும் உண்மை

“உடம்பு எப்படி இருக்கிறது?” என்று டாக்டர் கேட்கிறார்.

“எனக்கு என்ன? நன்றாகத்தான் இருக்கிறேன்!” என்கிறார் வந்தவர்.

அவருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு. குழந்தையாக இருந்தபோது ஆபரேஷன் நடந்தது. இப்போது வயது முப்பது. வேலைக்குப் போகிறார்.

அவர் பேச்சை நம்பி அப்படியே அனுப்பிவிடலாமா?

கூடாது! அவரைச் சைக்கிளில் ஏற்றிப் பார்க்கவேண்டும்.

இது ஊர் சுற்றும் சைக்கிள் அல்ல. ஆஸ்பத்திரியில் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி மாட்டுவார்கள். மார்பில் மெல்லிய கம்பிகளை ஒட்டுவார்கள். நேரம் ஆக ஆக, மிதிப்பது கடினமாகிக்கொண்டே போகும். “இனி முடியாது” என்கிற வரை மிதிக்கவேண்டும். உடல் எவ்வளவு பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது என்பதை மூச்சுக்கு மூச்சு கருவி கணக்கிடும். சுமார் 10 நிமிட வேலைதான்.

லண்டன் ராயல் பிராம்டன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இப்படிப்பட்ட 335 பேரைச் சோதித்து, 2005-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 33. அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்கள் எடுக்கும் பிராணவாயுவில் சராசரியாகப் பாதிகூட இவர்களால் எடுக்க முடியவில்லை. “ஒரு தொல்லையும் இல்லை” என்றவர்களிடமும் குறை தெரிந்தது!

அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. மூச்சு வாங்காமல் மாடி ஏறுவது எப்படி இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. “ஓடாதே, ஆடாதே” என்று சின்ன வயதில் தாய் தடுத்திருப்பாள். (பெற்ற வயிறு, பயப்படத்தானே செய்யும்!) அதுவே பழகிவிட்டது. பஸ் புறப்பட்டால் ஓடிப் பிடிக்கமாட்டார்கள். அடுத்த பஸ்சுக்குக் காத்திருப்பார்கள்.

சுமார் 10 மாதங்களில் அந்த 335 பேரில் 62 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்துபோனார்கள். பிராணவாயுக் கணக்கு குறைந்தவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1944-ல் ‘நீலக் குழந்தை’களுக்கு ஆபரேஷன் தொடங்கியது. அதற்கு முன்பு அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்து ஆளாகவே இல்லை. இன்று வளர்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். “அதுதான் ஆபரேஷன் ஆகிவிட்டதே!” என்று குடும்பத்தார் டாக்டரை மறந்துவிடுகிறார்கள். தப்பு அங்கேதான்.

இந்தச் சோதனை ஜோசியம் அல்ல. சிலருக்கு இது ஆகாது; அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். கணக்கு குறைந்தால் பயந்து படுத்துவிடவும் வேண்டாம். வால்வை இப்போதே மாற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்ய அது உதவும். டாக்டர் சொன்ன அளவில் உடற்பயிற்சி செய்தால், சிலருக்குக் கணக்கு ஓரளவு உயரவும் செய்யும்.

உயர்ந்ததா, இல்லையா என்பதை மறுபடியும் அதே சைக்கிளில் ஏறித் தெரிந்துகொள்ளலாம்.