மதச் சண்டையா, மண் சண்டையா?

17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டு யுத்தம் வெறும் மதச் சண்டை என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எந்த ஜெபப் புத்தகம் வேண்டும், பிஷப் வேண்டுமா வேண்டாமா என்ற தகராறில் மன்னன் தலை போயிற்றாம்! நாம் கேட்கிறோம்: மதம்தான் காரணம் என்றால், மன்னன் தலை விழுந்த பிறகும் ஏழையின் குடிசை எரிந்தது ஏன்?

சரித்திரத்தைப் பார்ப்போம். 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களை மூடினான். சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர். மடத்து நிலம் உழுதவனுக்கா போயிற்று? இல்லை. பெரும்பகுதி பிரபுக்கள் கையிலும் பணக்காரர்கள் கையிலும் சேர்ந்தது. ஊர்ப் பொது மேய்ச்சல் தரையை வேலி போட்டு வளைத்ததும் இதே கூட்டம்தான். அந்த வேலிகளைப் பிடுங்கி எறிய 1549-ல் நார்போக்கில் ஏழை விவசாயிகள் திரண்டார்கள். சர்க்கார் பட்டாளம் அவர்களை வெட்டிச் சாய்த்தது. தலைவர் ராபர்ட் கெட்டைத் தூக்கிலிட்டது.

1642-ல் பார்லிமெண்டுக்கும் முதலாம் சார்லசுக்கும் யுத்தம் மூண்டது. களத்தில் மடிந்தவர்களில் உழவனும் கைத்தொழிலாளியும் ஏராளம். 1647-ல் பட்னியில் அந்தச் சிப்பாய்களின் பிரதிநிதிகள் ஓட்டுரிமை கேட்டார்கள். கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் சொன்ன பதில் என்ன? சொத்துள்ளவனுக்கே ஓட்டு! ரத்தம் சிந்த ஏழை. ராஜ்யம் ஆளச் சொத்துக்காரன்!

1646-ல் பிஷப் பதவியை ஒழித்தார்கள். 1649 ஜனவரி 30-ல் மன்னன் தலையையும் வெட்டினார்கள். ஆனால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கறந்த கோயில் வரி ஒழிந்ததா? இல்லை! நிலப்பிரபு மன்னனுக்குக் கட்டவேண்டிய பழைய பாத்தியதைகளை 1646-ல் பார்லிமெண்ட் ரத்து செய்தது. குடியானவன் நிலப்பிரபுவுக்குக் கட்ட வேண்டியதை மட்டும் அப்படியே விட்டு வைத்தது. 1660-ல் மன்னராட்சி திரும்பி வந்தபோதும் அந்தச் சலுகை உறுதி செய்யப்பட்டது. மன்னர் கட்சி, பார்லிமெண்ட் கட்சி என்ற பேதம் இதில் மட்டும் மாயமாய் மறைந்தது!

1649 ஏப்ரலில் ஜெரார்டு வின்ஸ்டன்லியும் அவரது தோழர்களும் சர்ரே ஜில்லாவில் செயிண்ட் ஜார்ஜ் குன்றின் தரிசைக் கொத்தி காரட்டும் பீன்ஸும் விதைத்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. பூமியை ஆண்டவன் எல்லோருக்கும் பொதுவாகவே படைத்தான் என்று வேதத்தைக் காட்டியே வாதாடினார்கள். அங்கிருந்து விரட்டப்பட்டதும் பக்கத்துக் கோபத்தில் குடிசை போட்டார்கள். 1650 ஏப்ரலில் ஆளைக் கூட்டிவந்து அக்குடிசைகளுக்குத் தீ வைத்தவன் யார்? ஜான் பிளாட் என்ற பாதிரி! அவனே அவ்வூர்ப் பண்ணைக்கும் எஜமானன்!

கவனியுங்கள், தோழர்களே! இரு தரப்பார் கையிலும் இருந்தது ஒரே வேதம்தான். நிலமில்லாதவன் அதிலே நிலத்தைக் கண்டான். நிலம் உள்ளவன் வேலியைக் கண்டான். தகராறு வேதத்திலே இல்லை, மண்ணிலே இருந்தது.

பட்னியில் சிப்பாய்கள் கேட்ட ஓட்டு இங்கிலாந்தில் எல்லா ஆண்களுக்கும் கிடைத்தது 1918-ல்; 271 வருஷம் கழித்து! பெண்களுக்குச் சமமான ஓட்டு 1928-ல். எதையும் எவனும் தானமாகத் தரவில்லை, போராடித்தான் பெற்றார்கள்.

ஓட்டு வந்தது. நிலம்? வின்ஸ்டன்லி கொத்திய அந்தக் குன்று இன்று கோடீசுவரர்களின் மாளிகைகளும் கோல்ப் மைதானமும் நிறைந்த தனியார் பேட்டை. வாசலில் காவல். சுற்றிலும் வேலி.

அந்த வேலி எந்த மதத்தைச் சேர்ந்தது என்று பண்டிதர்கள் பதில் சொல்லட்டும்!