மூச்சை அடக்காதே, மகனே!

முல்லைத்தீவுக் கடலில் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்க இறங்கும் பிள்ளைகள் உண்டு. உங்கள் மகனும் புறப்பட்டால், "யாரிடம் பழகினாய்?" என்று முதலில் கேளுங்கள்.

மன்னாரில் அன்று முத்துக்குளித்த நம்மவர்கள் மூச்சடக்கியே மூழ்கினார்கள். சிலிண்டரோடு இறங்குபவர் அதைச் செய்யவே கூடாது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். அவசரமாக ஏறினாலோ மூட்டுகள் வலிக்கும். கைகால் விளங்காமலும் போகலாம்.

அதனால்தான் முறையான பயிற்சியில் ஆழமில்லாத நீரில் பழகிய பிறகே கடல். அங்கும் பயிற்சியாளருடன் நான்கு தடவை இறங்க வேண்டும். 18 மீற்றரைத் தாண்டக் கூடாது.

சகோதரிகளே, கூலியை விசாரிக்குமுன் பயிற்சியை விசாரியுங்கள்.