மெலித்தா தீவுக்கு வந்த மண்ணெண்ணெய்



பவுல் அப்போஸ்தலன் உட்பட 276 பேர் கப்பற்சேதத்திற்குத் தப்பிக் கரையேறிய மெலித்தா தீவு, இன்று மால்ட்டா எனப்படுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், அதே தீவை நோக்கி 1942-ஆம் ஆண்டில் சென்ற வேறொரு கப்பலும் என் நினைவுக்கு வருவதுண்டு.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வசமிருந்த அத்தீவு, இத்தாலியிலிருந்து வட ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் கடல்வழிக்குக் குறுக்கே கிடந்தது. ஆகவே ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அதன்மேல் குண்டுமாரி பொழிந்தன. உணவும் எரிபொருளும் தீர்ந்துபோனால் சரணடைவதன்றி வேறு வழியில்லை. மண்ணெண்ணெய் அடுப்போடு குடித்தனம் நடத்திய நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள், போர்க்கப்பல்களின் காவலோடு ஜிப்ரால்ட்டர் வழியாக அனுப்பப்பட்டன. அவற்றுள் எண்ணெய்க் கப்பல் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஒஹாயோ. அமெரிக்காவில் கட்டப்பட்டது, மாலுமிகளோ பிரிட்டிஷார், கேப்டன் டட்லி மேசன். மண்ணெண்ணெயும் டீசலுமாக 11,000 டன்னுக்கு மேல் ஏற்றியிருந்தனர்.

12-ஆம் தேதி மாலை, அக்சும் என்னும் இத்தாலிய நீர்மூழ்கி நான்கு டார்ப்பிடோக்களை ஏவிற்று. மூன்று கப்பல்கள் அடிபட்டன. ஒஹாயோவின் பக்கம் ஏறக்குறைய 24 அடிக்கு 27 அடி பிளந்து, தீப்பற்றியது. மாலுமிகள் தீயை அணைத்தார்கள். எண்ணெய்க் கப்பலின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். எண்ணெயோ தண்ணீரைவிட இலேசானது. ஆதலால் சில அறைகள் உடைந்தும் அது மிதந்தது.

மறுநாள் விமானங்கள் வந்தன. சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுவிமானம் ஒன்று அதன் தளத்தின்மேலேயே வந்து விழுந்தது. கொதிகலன்கள் அணைந்து, இயந்திரம் நின்றுபோயிற்று. பவுல் சென்ற கப்பலின் மாலுமிகள் படகை இறக்கி ஓடிப்போக வகைதேடினார்கள் அல்லவா? ஒஹாயோவின் மாலுமிகள் இருமுறை கப்பலை விட்டு இறங்க நேர்ந்தும், இருமுறையும் திரும்ப வந்து ஏறினார்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன்.

கட்டி இழுத்தால் கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டேயிருந்தது, வடங்கள் அறுந்தன. முடிவில் பென், பிராம்ஹாம் என்னும் இரண்டு நாசகாரிக் கப்பல்கள் அதன் இருபக்கமும் நெருங்கித் தங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டன. மூன்றாவதான லெட்பரி பின்புறம் நின்று திசை திருப்ப உதவிற்று. மெலித்தாவுக்கு முன்பு வந்த கப்பலையும் சுற்றிக் கட்டினார்கள் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார்!

15-ஆம் தேதி காலை, ஏறக்குறைய நீர்மட்டத்திற்குத் தளம் தாழ்ந்த நிலையில், ஒஹாயோ துறைமுகத்தில் நுழைந்தது. புறப்பட்ட பதினான்கில் வந்து சேர்ந்தவை ஐந்தே. சுவர்களின்மேல் நின்ற ஜனங்கள் ஆரவாரித்தார்கள். அன்று கத்தோலிக்கரான அத்தீவாருக்கு மரியாளின் திருநாள். அக்கப்பல் வரிசையை இன்றும் அப்பெயராலேயே நினைவுகூருகிறார்கள்.

எண்ணெய் இறைக்கப்பட்டபின் கப்பல் அடித்தரையில் அமர்ந்தது. மேசனுக்கு ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது. ஒஹாயோ மறுபடியும் பயணம் போகவில்லை; இரண்டாக முறிந்த அதனை 1946-இல் கடலுக்குள் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.