குருத்தோலை இருந்த பக்கம்



சென்ற ஆண்டு புத்தாண்டுத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வருமுன்னரே பங்கு இளைஞர் நால்வர் ஓர் அட்டையுடன் வாயிலில் காத்து நின்றனர். 50 கட்டங்கள் வரைந்த அட்டை அது. ஒரு நூலைப் படித்து முடித்தால் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஐம்பதும் நிரம்ப வேண்டும். இதற்கு 'வாசிப்புச் சவால்' என்று பெயராம். உலகெங்கும் இது நடைபெறுகின்றது என்றும், குட்ரீட்ஸ் என்னும் வாசகர் இணையதளம் 2011ஆம் ஆண்டு முதல் இவ்வாறு எண்ணிக்கை குறித்துக்கொள்ள வழி செய்து வருகின்றது என்றும் நமக்கு விளக்கினார்கள். "சாமி எப்பப் பார்த்தாலும் புத்தகமும் கையுமாத்தான் இருக்கீங்க. நீங்களும் சேருங்க" என்றான் ஒருவன். புகழுரைக்கு மயங்காத குருவானவர் உண்டோ? கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.

புத்தகமும் கையுமாக இருப்பது உண்மையே. காலைத் திருப்பலிக்குப் பின் காப்பி ஆறும் வரை சில பக்கங்கள். நண்பகல் உணவுக்குப் பின் சாய்வு நாற்காலியில் சில பக்கங்கள், அவற்றுள் பாதி உறக்கத்தில் கழியும். கிளைக் கிராமங்களுக்குப் பேருந்தில் செல்லும்போது இன்னும் சில. இரவுச் செபம் முடிந்து மின்சாரமும் இருந்தால் மேலும் சில. இளங்குருமடத்தில் சேர்ந்த நாள் முதலாய் வந்த பழக்கம் இது. அந்நாட்களில் அங்கே கதைப் புத்தகத்திற்கு நல்ல பெயர் இல்லை. மெத்தைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்தோம், பிடிபட்டோம், ஒரு வாரம் தோட்டத்திற்குத் தண்ணீர் இறைத்தோம். பறிபோன அந்தக் கதையின் முடிவு என்னவென்று இன்றளவும் நமக்குத் தெரியாது.

அட்டை வந்தபின் நம்முள் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முதல் இரண்டு மாதங்களில் அதை நாம் உணரவில்லை. பங்குனி வெயில் தொடங்கிய வேளையில், வீரமாமுனிவரின் தேம்பாவணியை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படிக்கலாம் என்று எடுத்தோம். புனித சூசையப்பரின் வரலாற்றைப் பாடும் அப்பெருங்காப்பியத்தில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். நாளொன்றுக்கு இருபது பாடல்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு மாதங்கள் செல்லும். ஆறு மாதங்கள் உழைத்தாலும் அட்டையில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தானே! கூச்சத்தோடு எழுதுகின்றோம்: எடுத்த நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். அறுபது பக்கப் புனிதர் வரலாறுகளும் சிறுவர் கதைகளும் நம் மேசைக்கு வந்தன. ஒரே மாலையில் இரண்டு கட்டங்கள் நிரம்பிய நாட்களும் உண்டு. ஆகஸ்டு மாதத்தில் நம் கணக்கு 31. இளைஞருள் முன்னே நின்றவனுக்கு 26. இந்த வித்தியாசம் நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்பதை இப்போது எண்ணினால் வெட்கமாயிருக்கின்றது.

அந்த ஆகஸ்டில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். (அவருடைய இசைவோடே இதை எழுதுகின்றோம்.) நாம் இப்பங்கிற்கு வருமுன்னரே நம் நூலகத்தின் மர அலமாரிகளைச் செய்து கொடுத்தவர் அவர். சூலை மாதத்தில்தான் அவருடைய மனைவியை நாம் நல்லடக்கம் செய்திருந்தோம். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். மடியில் ஒரு துணிப்பை இருந்தது. நம் கையிலிருந்த நூலில் கடைசிச் சில பக்கங்களே மீதம். கட்டைவிரலைப் பக்கத்திற்குள் வைத்தபடியே அவரை நலம் கேட்டோம். உறக்கம் வருகிறதா என்றோம், மகன் ஊருக்குத் திரும்பிவிட்டாரா என்றோம். அவர் விடை சொல்லச் சொல்ல நம் கண் தானாகவே பக்கத்தின்மேல் விழுந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"சாமி படிச்சிட்டிருக்கீங்க. நான் அப்புறம் வர்றேன்" என்று எழுந்தார்.

"சரி ஐயா" என்றோம். அவ்வளவுதான். பையில் என்ன என்று கூடக் கேட்கவில்லை. அவர் வாயிற்படியைத் தாண்டுமுன் நூலைத் திறந்தோம், முடித்தோம், கட்டத்தை நிரப்பினோம்.

புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் ஆறாம் பகுதியில் ஒரு காட்சி வருகின்றது. மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் படித்துக்கொண்டிருக்கின்றார். அவருடைய கண்கள் பக்கங்களின்மேல் ஓடுகின்றன, நாவோ அசைவதில்லை. வாய்விட்டுப் படிப்பதே பெரும்பாலோர் வழக்கமாயிருந்த அக்காலத்தில் இது கவனிக்கத்தக்கதாய்த் தோன்றியது. அவருடைய அறைக்குள் எவரும் செல்லலாம், தடையில்லை. ஆயினும் அவர் படித்துக்கொண்டிருப்பதைக் காண்போர் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்து, தொந்தரவு செய்ய மனமின்றி அகன்று விடுவர். குருமடத்தில் இப்பகுதியை நாம் முதன்முதல் படித்தபோது அம்புரோசியாரின் பக்கமே நின்றோம். ஓயாது மக்கள் பணி செய்த ஆயருக்குக் கிடைத்த அந்தச் சிறிது நேரத்தையும் பிறர் பறிக்கலாமா என்பது நம் வாதம். அகன்று சென்றவர்களுள் அகுஸ்தீனாரும் ஒருவர் என்பதையோ, தாம் கேட்க விரும்பியதைக் கேட்கும் வாய்ப்பே கிட்டவில்லை என்று அவர் அதே இடத்தில் வருந்தி எழுதியிருப்பதையோ நாம் பொருட்படுத்தவில்லை. அம்புரோசியார் படித்தது தம் மக்களுக்குப் போதிப்பதற்காக. நாம் படித்ததோ அட்டைக்காக.

செப்டம்பர் முழுவதும் தச்சர் வரவில்லை. ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நின்றுவிட்டுப் போய்விடுவார். அக்டோபரில் செபமாலைப் பக்திக்காக அவருடைய தெருவிற்குச் சென்றபோது நாமே அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்தத் துணிப்பை சுவரில் ஆணியில் தொங்கியது. அதிலிருந்தவை இரண்டு: நம் பங்கு நூலகத்தின் முத்திரை பதித்த பிரதாப முதலியார் சரித்திரம்; அட்டை கிழிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டு.

நோட்டு அவருடைய மனைவியினுடையது. அந்த அம்மையார் நம் நூலகத்திற்கு ஒழுங்காக வருபவர் என்பது தெரியும். ஆனால் எத்தகைய வாசகர் என்பதை அந்நோட்டைப் புரட்டிய பின்னரே அறிந்தோம். ஒவ்வொரு நூலுக்கும் நாள் குறித்து, கீழே இரண்டு மூன்று வரிகள். நியாயவிலைக் கடை வரிசையில் நின்றுகொண்டு முடித்தது ஒன்று. அரசு மருத்துவமனையின் நடைக்கூடத்தில் பாதியும் வீடு திரும்பும் பேருந்தில் பாதியுமாகப் படித்தது ஒன்று. கதையில் ஒரு குழந்தை இறக்கும் இடத்தில் நூலை மூடிவிட்டு நான்கு நாட்கள் திறக்கவில்லை என்று ஒரு குறிப்பு. பால் பொங்கி அடுப்பு அணைந்தது, குற்றம் ஆசிரியருடையதே என்று மற்றொன்று. கண்ணில் புரை அறுவை நடந்த மாதத்தில் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கின்றார். பேத்தி பக்கங்களைத் தாண்டிவிடுகிறாள் என்று முறையீடும் எழுதியிருக்கின்றார். மளிகைப் பொட்டலம் மடித்து வந்த தாளில் ஒரு கதையின் நடுப்பகுதி மட்டும் கிடைத்ததையும், அதன் தலையும் வாலும் தாமே கற்பனை செய்துகொண்டதையும் ஒரு பக்கம் முழுவதும் எழுதி வைத்திருந்தார்.

பழக்கதோஷத்தால் நாம் விரல் வைத்து எண்ணத் தொடங்கினோம். இருபதைத் தாண்டியிருப்போம். "எதுக்குச் சாமி எண்றீங்க?" என்று தச்சர் கேட்டார். நோட்டு முழுவதிலும் கூட்டுத்தொகை என்று ஒன்று எங்கும் இல்லை.

அவர் ஆகஸ்டில் வந்தது நூலைத் திருப்பிக் கொடுக்க அன்று. "நான் அஞ்சாப்புதான் சாமி. வீட்டுல அவ படிச்சா நான் பேச மாட்டேன். என்னதான் இருக்கு அதுலன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பக் கேட்க ஆள் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். நாம் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

அட்டையின் கதையை விரைவாக முடித்துவிடுவோம். ஆண்டிறுதியில் நம் கணக்கு 33இல் நின்றது. ஐம்பதை எட்டிய தம்பிக்குப் பேனா பரிசளித்தோம். பாடநூலன்றி வேறொன்றையும் தொடாத ஒருவன் அட்டையின் தூண்டுதலால் பன்னிரண்டு நூல்களைப் படித்துவிட்டு, இப்போதும் நூலகத்திற்கு வருகின்றான்; ஆகையால் சவாலை நாம் பழிக்கமாட்டோம். நமக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவே.

இவ்வாண்டுத் தவக்காலம் நெருங்கியது. சாம்பலுக்காகப் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுக்கும்படி கோவிலில் அறிவித்தோம். மறுநாள் தச்சர் அந்த நூலுடன் வந்து, உள்ளே ஓரிடத்தைத் திறந்து காட்டினார். சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையின் ஒரு துணுக்கு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. அம்மையார் படித்து நிறுத்திய இடம். "இதையும் கொடுக்கணுமா சாமி?" என்றார். வேண்டாம் என்றோம். அப்போதுதான் நமக்குப் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நினைவுக்கு வந்தது.

ஆறாம் நூற்றாண்டில் அவர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரம் உழைப்பையும் வாசிப்பையும் பற்றியது. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும். அதை முதலிலிருந்து இறுதிவரை முறையாக, முழுமையாகப் படிக்க வேண்டும். ஐம்பது நூல்கள் அல்ல, ஒன்று. வாசிப்பு நேரத்தில் எவரேனும் சோம்பியிருக்கிறாரா, வீண்பேச்சுப் பேசுகிறாரா என்று மூத்தவர் ஓரிருவர் சுற்றி வந்து பார்ப்பர். நண்பகல் ஓய்வின்போது தனியே படிக்க விரும்புபவர் பிறருக்கு இடையூறு இல்லாமல் படிக்க வேண்டும் என்றும் அங்கே ஒரு விதி உண்டு. வாய்விட்டுப் படித்த காலமன்றோ!

தவக்காலத்தில் கதைப் புத்தகமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எளிய நடையில் அமைந்த ஒரு ஞான நூலைக் கொடுக்கலாமே என்று முதலில் நாமும் எண்ணினோம். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 17-7-2024 நாளிட்டு, உருவாக்கப் பயிற்சியில் இலக்கியத்தின் பங்கு குறித்து ஒரு மடல் எழுதினார். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளி ஒன்றில் தாம் இலக்கியம் கற்பித்ததை அதில் நினைவுகூர்கின்றார். பாடத்திட்டத்திலிருந்த பழங்காப்பியத்தை மாணவர்கள் விரும்பவில்லை. தங்கள் காலத்துக் கவிஞரைப் படிக்கவே விரும்பினர். பழையதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் படிப்போம் என்று அவர் இணங்கினாராம். மனிதருக்கு ஒரு நூலோடு ஏற்கனவே ஓர் உறவு இருக்குமானால் அதை அறுத்துவிட்டு வேறொன்றைத் திணிப்பதில் பயனில்லை. தச்சர் விரும்பியது மனைவி விட்டுச்சென்ற அந்த ஒரு நூலைத்தான்.

எளிய நூல் அன்று அது. 1879ஆம் ஆண்டு வெளிவந்த அதுவே தமிழின் முதல் நாவல் என்பர். எழுதியவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீபாகப் பணியாற்றியவர், பெண்கள் கல்வி கற்க வேண்டுமென்று பெண்மதி மாலை பாடியவர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இக்கதையை எழுதினார். வடசொற்கள் மலிந்த பழைய நடை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அதில் எழுத்துக்கூட்டி எவ்வளவு தூரம் போவார் என்ற ஐயம் நமக்கு இருந்தது.

திருநீற்றுப் புதனுக்குப் பின் வந்த சனிக்கிழமை முதல் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்தார்; மற்ற நாட்களில் தம் வீட்டில் படித்தார். மனத்துக்குள் படிக்க அவருக்கு வராது. சொல்லின் கீழ் விரல் வைத்து, உரத்த குரலில், மரத்தில் இழைப்புளி ஓட்டுவதுபோல் முன்னும் பின்னுமாகப் படித்தார். புரியாத சொல்லுக்கு நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பார். சிலவற்றிற்கு நாமும் அகராதியைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. நகைச்சுவைக் கதைகள் வரும் இடங்களில், தாம் சிரித்தபின், "இதுக்குத்தான் அன்னைக்கு அடுப்படியில தனியாச் சிரிச்சா போல" என்பார். மறைக்கல்விக்கு வந்த சிறுவர் இருவர் மூவர் திண்ணையிலேயே தங்கிவிடலாயினர். தேம்பாவணியையும் நாம் மீண்டும் எடுத்துள்ளோம். இப்போது ஒன்பதாம் படலத்தில் இருக்கின்றோம்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய மாலை. முற்றத்தில் இளைஞர்கள் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்கள். தச்சர் படித்துக்கொண்டே வந்து அந்த ஓலைத்துணுக்கு இருந்த பக்கத்தை அடைந்தார். ஓலை காய்ந்து பழுப்பேறியிருந்தது. தாளிலும் அதன் வடிவில் மெல்லிய கறை. அப்பக்கத்தின் கடைசி வரியைப் படித்து நிறுத்திவிட்டு, "இதுக்கு அப்புறம் என்ன சாமி வருது?" என்று கேட்டார்.

கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டிற்கே அரசனாகிறாள், நீதி வழங்கி ஆட்சி செய்கிறாள் என்று சொன்னோம்.

"பொம்பளையா? ராசாவாவா?" என்று சிரித்தார். சிறிது நேரம் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடடா. அது அவளுக்குத் தெரியாமலே போச்சே, சாமி" என்றார்.

முற்றத்திலிருந்து ஒரு தம்பி வந்து, மறுநாள் பவனிக்கான ஏற்பாட்டைப் பார்க்க நம்மை அழைத்தான். பிறகு வருகிறோம் என்று சொல்லியனுப்பினோம். தச்சர் ஓலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். அன்று இருட்டுவதற்குள் இன்னும் மூன்று பக்கங்கள் படித்தார்.